டிராமும் ரயிலும் கண்டு களித்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களைக் கூப்பிட்டு, "நீங்கள் ஐந்தாறு பேர் ஞாயிறுதோறும் டிராம் ஏறிச் சுற்றுகிறீர்களாமே, அதையே சொல்லுங்கள்" என்றனர். கம்பனுக்குரிய அரைமணி நேரத்தை டிராமுக்கு ஈந்த அவர்களுடைய துணிவை மெச்சுகின்றோம். கம்பனை நாடி வந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அடுத்து வரவிருக்கும் புலவர் அக்குறையைத் தீர்த்து வைப்பார்.

முதலில் எங்கள் பொழுதுபோக்கு இன்னதென்று சொல்லிவிடுகின்றோம். சிலர் தபால்தலை சேர்க்கின்றனர். சிலர் பறவை பார்க்கின்றனர். நாங்கள் தண்டவாளத்தில் ஓடுவனவற்றைப் பார்க்கின்றோம். போய்ச் சேர வேண்டிய இடம் எதுவுமின்றி வண்டியில் ஏறி, அது எங்கே வளைகிறது, எந்த முனையில் நிற்கிறது, மின்சாரம் எவ்வழி வருகிறது, இப்பாதையை யார் எப்போது எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டு அறிந்துகொண்டு திரும்பி வருகின்றோம். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அதை இம்மேடையில் சொல்வதற்கில்லை.

இவ்வூருக்கு 2001ஆம் ஆண்டிலிருந்து கொல்கத்தா என்று பெயர். ஆயினும் நம் நாவில் கல்கத்தா என்பதே படிந்துவிட்டது; இன்று அவ்வாறே சொல்ல அனுமதி வேண்டுகின்றோம். இவ்வூரில் நம்மவர் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கின்றனர். ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களிலும் லேக் மார்க்கெட் பக்கத்திலும் காப்பிக்கொட்டை வறுபடும் மணத்தையும் வாழையிலையையும் கறிவேப்பிலையையும் நிலைநாட்டிவிட்டோம். எனினும் நம்மில் பெரும்பாலோர் இவ்வூரில் அறிந்திருந்த வண்டிகள் இரண்டே இரண்டு. காலையில் அலுவலகத்திற்கு ஏற்றிச் செல்வது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏற்றிச் செல்வது மற்றொன்று. முதலதில் கடிகாரத்தைப் பார்த்தோம். இரண்டாவதில் மூட்டை முடிச்சுகளை எண்ணினோம். வண்டியை நாம் பார்த்ததே இல்லை.

டிராமின் கதை ரயிலோடு சேர்ந்தே பிறந்தது. கிழக்கு வங்க ரயில்பாதை சியால்தாவில் வந்து முடிந்தது. வாணிபமோ ஹூக்ளியாற்றின் கரையில் நடந்தது. இவ்விரண்டையும் இணைப்பதற்காக 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை 2.4 மைல் தூரத்திற்குக் குதிரை இழுக்கும் டிராம் விடப்பட்டது. போதிய வரவு இல்லாமையால் அதே ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அது நின்று போயிற்று. பிறகு லண்டனில் ஒரு கம்பெனி அமைந்தது. மீட்டர் அகலத்தில் புதுப்பாதை போடப்பட்டு, 1880 நவம்பரில் வைசிராய் ரிப்பன் பிரபு அதைத் தொடங்கி வைத்தார். சென்னையில் மாநகராட்சி மாளிகைக்குப் பெயர் தந்த அதே ரிப்பன் பிரபுதான். 1882இல் நீராவி எஞ்சினையும் தெருவில் விட்டுப் பார்த்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியிடம் 166 வண்டிகளும், ஏறத்தாழ 1000 குதிரைகளும், 19 மைல் பாதையும் இருந்தன. ஆயிரம் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் தண்ணீரும் தேடிய மேலாளரின் பாட்டை எண்ணிப் பாருங்கள்! அதனாலேயே போலும், 1900இல் மின்சாரத்தை நாடினர். பாதையையும் நான்கு அடி எட்டரை அங்குல அகலத்திற்கு மாற்றினர். 1902 மார்ச் 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவர் சற்று நிமிர்ந்து உட்காரலாம். கல்கத்தாவுக்கு ஏழாண்டு முன்னதாக, 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாளே சென்னைப் பட்டணத்தில் மின்சார டிராம் ஓடிவிட்டது. இந்தியாவில் அதுவே முதல். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதே 1901இல்தான். சென்னையில் முதலில் மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தின் நடுவே தரைக்கடியில் ஓடிய ஒரு குழியிலிருந்து வண்டி மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. காண்பதற்கு அழகிய ஏற்பாடுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று உண்டல்லவா? குழியில் வெள்ளம் புகுந்தால் மின்சாரம் என்ன செய்யும்? பின்னர் மற்ற ஊர்களைப் போலவே கம்பத்தை நட்டுக் கம்பியை மேலே ஏற்றினார்கள்.

அந்தச் சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்று போயிற்று. நடத்திய கம்பெனிக்கு நட்டம், வண்டிகள் கொட்டகைக்குப் போயின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதே 1953ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் நடந்ததைக் கேளுங்கள். டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் கம்பெனி ஒரு பைசா உயர்த்தியது. பழைய பைசா, அணாவில் நாலில் ஒன்று. அந்த ஒரு பைசாவுக்காக ஊரே கொந்தளித்தது. பயணிகள் உயர்த்திய காசைத் தர மறுத்துப் பழைய கட்டணத்தையே நீட்டினர்; கடையடைப்பு நடந்தது; தடியடியும் துப்பாக்கிப் பிரயோகமும் நேர்ந்தன. மாத முடிவில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. வன்முறையை நாங்கள் போற்றவில்லை. ஆயினும் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் போகும் ஏழைக்கு ஒரு வண்டி எவ்வளவு உரியது என்பதை இவ்வூர் அறிந்திருந்தது. மூன்று மாத இடைவெளியில் இவ்விரு பட்டணங்களும் நடந்துகொண்ட விதத்தை நாங்கள் பலமுறை எங்களுக்குள் பேசியதுண்டு.

டெல்லியில் டிராம் 1963இல் நின்றது. பம்பாயில் 1964 மார்ச் 31ஆம் நாள் நின்றது. அன்று முதல் இந்தியா முழுவதிலும் டிராம் ஓடும் ஊர் கல்கத்தா ஒன்றே. இங்கும் மேற்கு வங்க அரசு 1967இல் நிர்வாகத்தை மேற்கொண்டு, 1976இல் கம்பெனியைத் தன் உடைமையாக்கிக்கொண்டது.

இனி, இதை எப்படிக் களிப்பது என்று சொல்கின்றோம். இரண்டு பெட்டி கோத்த வண்டியானால் முன்பெட்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பதற்கு இடம் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் நின்றபடியே கைப்பிடி ஒன்றைப் படிப்படியாகத் திருப்புவார். ஒவ்வொரு படிக்கும் வண்டியின் முனகல் சுருதி ஏறும். எங்களுள் சங்கீதம் அறிந்த அன்பர் ஒருவர் அது எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்று வாதம் செய்வார், இன்றுவரை முடிவாகவில்லை. காலடியில் ஓட்டுநர் மிதிக்கும் மணி 'டங் டங்' என்று ஒலிக்கும். கூரையின் மேல் ஒரு நீண்ட கழி, அதன் நுனி மேலேயுள்ள கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். 550 வோல்ட் மின்சாரம் அந்தக் கழி வழியாக இறங்கி, மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளத்தின் வழியே திரும்பிப் போகிறது. கம்பிகள் பிரியும் இடத்தில் கழி சில வேளை நழுவிவிடும். வண்டி மூச்சடங்கி நிற்கும். கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்துக் கழியை மறுபடி கம்பியில் பொருத்துவார். இரவு நேரமானால் அப்போது நீலப்பொறி பறக்கும். சத்யஜித் ரே 1963இல் எடுத்த 'மகாநகர்' படம் தொடங்குவது இந்தக் கழியும் கம்பியும் ஓடும் காட்சியுடன்தான். தடம் பிரியும் சந்திகளில் ஊழியர் இறங்கி இரும்புக் கம்பியால் தண்டவாளத்தின் நாக்கை நெம்பித் திருப்புவதையும் காணலாம். இத்தனையும் கண்ணுக்கு எதிரே வெளிப்படையாக நடப்பதால், எட்டு வயதுக் குழந்தைக்கும் இயந்திரம் இன்னவாறு இயங்குகிறது என்று விளங்கிவிடுகிறது. பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவில் இந்த வசதி இல்லை. மெட்ரோவை நாங்கள் குறை கூறவில்லை. 1984 அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர் ஓடிய அது இந்தியாவின் முதல் மெட்ரோ. 2024 மார்ச் முதல் ஹூக்ளி ஆற்றின் அடியிலும் ஓடுகிறது. விரைவுக்கு மெட்ரோ, வேடிக்கைக்கு டிராம்.

தடங்களுள் எங்களுக்கு மிகவும் உகந்தவை இரண்டு. ஒன்று ஷியாம்பஜாரிலிருந்து பிதான் சரணி, கல்லூரித் தெரு வழியாக எஸ்பிளனேடு வருவது. இருமருங்கும் புத்தகக் கடைகள் நெருங்கி நிற்க, நடுவே வண்டி ஊர்ந்து வரும். ஜன்னலோரம் அமர்ந்தவர் பழைய புத்தகத்தின் முதுகிலுள்ள தலைப்பைப் படித்துவிடலாம். வாங்குவதானால் இறங்கித்தான் ஆகவேண்டும். மற்றொன்று மைதானத்துப் புல்வெளியில் மரநிழலில் போன கிதிர்ப்பூர்த் தடம். முதல் மின்சார டிராம் ஓடிய தடமே அது. 2020 மே 20ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்தன. அதன்பின் அத்தடத்தில் வண்டி ஓடவில்லை.

நம் சங்கத்தில் எண்பது வயதைக் கடந்த மாமி ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். திருமணமாகி வந்த புதிதில் அவருக்கு வங்காளி ஒரு சொல்லும் தெரியாதாம். ராஷ்பிஹாரி அவென்யூவில் அன்று தெரு நடுவே புல் வளர்ந்த தனித்தடத்தில் டிராம் போய்க்கொண்டிருந்தது. பிற்பகலில் மாமனாருக்குத் தெரியாமல் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவாராம். "எகியே ஜான், எகியே ஜான்" என்று கண்டக்டர் கூவியதைக் கேட்டு, 'முன்னே நகருங்கள்' என்பதே அவர் கற்ற முதல் வங்காளி வாக்கியம். காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் வங்காளி முழுதும் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவர்களிடம் கற்றதுதான் என்கிறார். "உங்களுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு அது பள்ளிக்கூடம்" என்று அவர் சொல்லக் கேட்டோம். இப்படிப்பட்ட செய்தி நம் காலனியில் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ!

ரயிலுக்கு வருவோம். டிராம்போல் ரயிலை அன்றாடம் பருக இயலாது. ஆண்டுக்கு ஓரிரு முறைதான். ஆயினும் செலவின்றி அருகிலேயே கிட்டும் இன்பம் ஒன்று உண்டு. ஹூக்ளிக்கரையை ஒட்டி 1984 முதல் ஓடும் வட்ட ரயில். படித்துறைகளும் பூச்சந்தையும் பழைய கிடங்குகளும் ஒரு பக்கம் வர, பிரின்செப் படித்துறையில் இறங்கினால் மாலைக்காற்று வாங்கலாம். ஹௌராவுக்கு அப்பால் ஆம்தாவுக்கும் ஷியாக்கலாவுக்கும் மார்ட்டின் கம்பெனியார் விட்டிருந்த இரண்டடி அகலத்துச் சிறு ரயில் 1971இல் மூடப்பட்டுவிட்டது. அதில் ஏறியவர்கள் சிலர் நம்மிடையே இருக்கின்றனர் என்று கேள்வி. தயைகூர்ந்து விழா முடிந்ததும் எங்களைச் சந்திக்க வேண்டும்.

டார்ஜிலிங் ரயிலைப் பற்றி நம்மவர்க்கு ஓர் அலட்சியம் உண்டு. "எங்கள் நீலகிரி ரயிலைப் பார்த்தவனுக்கு இது என்ன?" என்பார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் என்ற உரிமையில் சொல்கின்றோம்: இரண்டும் வெவ்வேறு வித்தை. நீலகிரி வண்டி கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவிலுள்ள பல்லிரும்பைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு குன்னூர் வரை நேரே ஏறுகிறது. அதன் பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய இரண்டடிப் பாதையிலோ பற்சக்கரமே கிடையாது. மலை செங்குத்தாக வரும் இடத்தில் வண்டி முன்னே போய் நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகிறது. மற்றோரிடத்தில் பாம்பு சுருண்டாற்போல் தன் பாதையைத் தானே சுற்றிக்கொண்டு உயர்கிறது. இப்படி ஏறி 2258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தை அடைகிறது. மலையைப் பல்லால் கடித்து ஏறுவது ஒன்று. மலையிடம் நயந்து பேசி ஏறுவது மற்றொன்று. யுனெஸ்கோ டார்ஜிலிங் ரயிலை 1999இலும் நீலகிரி ரயிலை 2005இலும் உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. எது சிறந்தது என்ற வழக்கை நாங்கள் தீர்ப்பதற்கில்லை. ஊருக்குப் போகும்போது உதகையையும், இங்கிருக்கும்போது டார்ஜிலிங்கையும் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் தீர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போகும் மெயிலையும் இவ்வாறே பாருங்கள். ரூப்நாராயணன், சுவர்ணரேகை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை என்று குழந்தைகள் ஆறுகளை எண்ணிக்கொண்டு வரட்டும். ஒரிசாவில் சிலிகா ஏரியின் ஓரமாக வண்டி போகும்போது பகலாயிருந்தால் சீட்டாட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ராஜமகேந்திரவரத்தில் கோதாவரியின் மேல் 1900இல் கட்டிய பழைய பாலம் 1997 வரை வண்டிகளைச் சுமந்து இப்போது ஓய்வில் நிற்கிறது; அதன் தூண்கள் ஜன்னலிலிருந்து தெரியும். நம் பாட்டனார்கள் பிழைப்பு தேடி வடக்கே வந்தது அப்பாலத்தின் மேல்தான்.

இப்போது மனத்தை வருத்தும் செய்திக்கு வருகின்றோம். 1960களில் இவ்வூரில் டிராம் பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இருந்தது. ஹௌராப் பக்கத்துத் தடங்கள் 1970, 1971இல் போயின. பிறகு ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 2023இல் 150ஆம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு-மைதானம் என்ற ஒரு சிறு சுற்றை மட்டும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துவது என்று மாநில அரசு அறிவித்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்தது. தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றி மூடிய தெருக்களை நாமே கண்டிருக்கிறோம்.

அரசு சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. தெருக்கள் குறுகல், மோட்டார்கள் பெருகிவிட்டன, டிராம் மெதுவாகப் போய்ப் பின்னால் வருவோரை நிறுத்துகிறது, மழையில் தண்டவாளத்தில் இருசக்கர வண்டிகள் சறுக்குகின்றன. ஆயினும் எங்கள் எண்ணத்தைச் சொல்லிவிடுகின்றோம். மாமி ஏறிய நாளில் டிராமுக்குப் புல்தரைத் தனித்தடம் இருந்தது. அதில் வேறு வண்டி நுழையாது. பின்னாளில் அந்தத் தடத்தைக் கற்காரை இட்டு மூடி மோட்டார்களுக்கும் திறந்துவிட்டார்கள். வழியை அடைத்தது யார்? புகையற்ற வண்டிக்கு உலகம் தவம் கிடக்கும் நாளில், நூறாண்டுக்கு மேலாகப் புகையின்றி ஓடிய வண்டியை விடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் டிராம் உண்டு. அவ்வூர் டிராம் அன்பர்கள் 1996 முதல் 'டிராம்ஜாத்ரா' என்ற பெயரில் கல்கத்தாவுக்கு வந்து, வண்டிகளை அலங்கரித்து, இவ்வூர்த் தொழிலாளருடன் விழா நடத்தினார்கள். கடல் கடந்து அவர்கள் வந்தபோது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாம் எங்கே இருந்தோம் என்று எண்ணுகையில் கூச்சமாயிருக்கிறது.

சென்னை டிராம் நின்றபோது நம் வீடுகளில் யார் அதைப் பற்றி நாலு வரி எழுதி வைத்தார்கள்? தாத்தா மவுண்ட் ரோடில் டிராம் ஏறினார் என்ற ஒரு வாக்கியம்தான் பெரும்பாலான குடும்பங்களில் மிஞ்சியிருக்கிறது. எந்த இருக்கை, எவ்வளவு கட்டணம், யாரோடு போனார், ஒன்றும் தெரியாது. ஆகவே சங்கத்தின் வாசகசாலையில் ஒரு தடித்த குறிப்பேடு வைத்திருக்கிறோம். கல்கத்தா டிராமில் தமக்கு நேர்ந்ததை யாரும் அதில் எழுதலாம். எழுதக் கூடாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பழைய டிக்கெட்டுகள் இருந்தால் ஒட்டி வைக்கலாம். இதுவரை பதினொரு பக்கம் நிறைந்திருக்கிறது. அவற்றுள் நான்கு பக்கம் மாமியுடையவை. எஸ்பிளனேடில் ஒரு பழைய டிராம் வண்டியையே 2014இல் 'ஸ்மரணிகா' என்ற சிறு காட்சிசாலையாக்கி வைத்தார்கள். அங்கு நாணயமும் தொப்பியும் வில்லையும் கண்டோம். தமிழர் வீட்டுக் கதையை நாம்தான் எழுத வேண்டும்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் அவர்கள் மணியடிக்கிறார். அதுவும் டிராம் மணி போலவே ஒலிக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷியாம்பஜார் டிராம் கொட்டகையருகே கூடுகின்றோம். சில்லறையும் ஒரு பென்சிலும் கொண்டு வந்தால் போதும். இட்லிப் பொட்டலம் எங்கள் பொறுப்பு. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். முன்பெட்டியில் முதல் இடம் அவர்களுக்கே. அன்று டிராம் வரவில்லையானால், தண்டவாளத்தை ஒட்டியே கல்லூரித் தெரு வரை நடப்போம்.